கனிவும் கண்டிப்பும்: புதிதாகப் பொறுப்பேற்போர் கவனத்திற்கு

(செஞ்சியில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



நம் பெற்றோர் காலத்தில் இவ்வூரிலிருந்து வேலைக்குச் சென்றவர்களில் பெரும்பாலோர் பிறர் சொன்னதைச் செய்யும் இடத்திலேயே இருந்து ஓய்வு பெற்றனர். இன்று நம் பிள்ளைகள் படித்துவிட்டுச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். இரண்டு, மூன்று ஆண்டுகள் கழிந்ததும், "இன்று முதல் இந்தப் பத்துப் பேரை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் இனிப்பு வழங்குகிறோம். சம்பளம் கூடியதா என்று கேட்கிறோம். அந்தப் பிள்ளையின் இரவுத் தூக்கம் போய்விட்டதை நாம் அறிவதில்லை. வேலை செய்ய அவருக்குப் பலர் கற்றுக்கொடுத்தனர். வேலை வாங்க எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. நம் சகோதரிகளுக்கும் இதே நிலைதான். மருத்துவமனையில் செவிலியருக்குப் பொறுப்பாளராகிறவர், பள்ளியில் தலைமையாசிரியையாகிறவர், வீட்டின் முன்னறையில் நான்கு தையல் இயந்திரங்கள் போட்டு நான்கு பெண்களுக்கு வேலை கொடுப்பவர் என எல்லோரும் இதில் அடங்குவர்.

இதை இந்த ஊரில் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் ஒன்று உண்டு. நம் தலைக்கு மேலே நிற்கும் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் சந்திராயன் துர்க்கமும் புதிதாகப் பொறுப்பேற்ற இளைஞர் ஒருவரின் வரலாற்றைச் சுமந்து நிற்கின்றன. 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பு மராட்டியர் காலக் கோட்டைகளின் வரிசையில் நம் கோட்டையையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து பார்க்கிறார்கள். வருபவர்கள் முதலில் கேட்கும் பெயர் ராஜா தேசிங்கு.

அவருடைய இயற்பெயர் தேஜ்சிங். அவருடைய தந்தை ஸ்வரூப்சிங், முகலாயப் பேரரசின் சார்பில் இக்கோட்டைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டிருந்த புந்தேலா ராஜபுத்திரர். 1714-இல் தந்தை இறந்தபோது மகனுக்கு வயது 22 என்பர். கோட்டையோடு சேர்த்துத் தந்தை செலுத்தாமல் விட்டுச் சென்ற கப்பப் பாக்கியும் அவர் தலையில் விழுந்தது. பாக்கியைக் கேட்டவர் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாகான். இளைஞர் இணங்கவில்லை. அதே ஆண்டு சில நூறு வீரர்களுடன், பல்லாயிரம் பேர் கொண்ட நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டார். அவருடைய உயிர் நண்பர் மஹபத்கான் என்னும் முஸ்லிம் வீரர், தம் திருமண வைபவத்தை விட்டெழுந்து வந்து நண்பருக்குத் துணைநின்று உயிர்நீத்தார் என்பது நாம் பிள்ளைப் பருவம் முதல் கேட்டுவரும் செய்தி. கதைப்பாடல் பாடுவோர் இந்த இடத்திற்கு வந்தால் கேட்போர் கண்கலங்காமல் இருப்பதில்லை.

அந்த வீரத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அந்த நட்பு நம் ஊருக்குப் பெருமை. ஆயினும் ஒரு கேள்வி என் மனத்தில் எழுவதுண்டு. தம் மக்களால் அந்த அளவுக்கு நேசிக்கப்பட்டவர் தேசிங்கு. நண்பர் மணமேடையை விட்டு எழுந்து வந்தார். வீரர்கள் எண்ணிக்கை பார்க்காமல் பின்தொடர்ந்தனர். அப்படி நேசிக்கப்படுகிறவரின் ஒரு சொல்லுக்கு எத்தனை கனம் இருக்கிறது! அவர் 'புறப்படுங்கள்' என்றால் புறப்பட்டுவிடுவார்கள். 'சற்றுப் பொறுக்கலாமே' என்று சொல்லும் துணிவு எவருக்கேனும் வந்ததா, அப்படிச் சொல்லும் வாய்ப்பு எவருக்கேனும் தரப்பட்டதா என்பதைக் கதைப்பாடல் பெரிதாகப் பேசுவதில்லை. 'என்மீது எல்லோரும் அன்பாயிருக்கிறார்கள், ஆகவே நான் நல்ல தலைவன்' என்று புதிதாகப் பொறுப்பேற்றவர் நினைத்துக்கொள்கிறார். அன்பு கிடைத்தவுடன் பொறுப்பு இரண்டு மடங்காகிறது என்பதை அவர் பிறகுதான் அறிகிறார்.

உஹதுக்கு மறுநாள்

அருமைச் சகோதரர்களே! கனிவையும் கண்டிப்பையும் ஒருங்கே காண விரும்புவோர் ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹதுப் போரின் மூன்று நாள்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் ஆலோசனை. மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது அண்ணலாரின் விருப்பம். வெளியே சென்று போரிடலாம் என்று இளைஞர்கள் பலர் வற்புறுத்தினர். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கி, உள்ளே சென்று கவசம் அணிந்து வந்தார்கள். அதற்குள் வற்புறுத்தியவர்களுக்கே சங்கடமாகிவிட்டது. 'தங்கள் விருப்பப்படியே செய்யலாம்' என்று பின்வாங்கினர். இப்போது அண்ணலார் மாறவில்லை. கலந்து பேசும் நேரம் கடந்துவிட்டது. முடிவெடுத்த பின் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் எந்தப் படையும் நிற்காது. கவனியுங்கள், தமது கருத்துக்கு மாறான முடிவில்தான் அவர்கள் உறுதியாக நின்றார்கள்.

இரண்டாம் நாள் போர். மலைக் கணவாயில் 50 வில்லாளிகள் நிறுத்தப்பட்டனர். என்ன நேர்ந்தாலும் இடத்தை விட்டு அகலக்கூடாது என்பது கட்டளை. வெற்றி வந்துவிட்டதென்று கருதி அவர்களில் பெரும்பாலோர் இறங்கிவிட்டனர். அதன் விளைவாக எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதாயினர். அண்ணலாரின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களும் அதில் ஒருவர். இதனினும் பெரிய தவறு ஒரு பணியிடத்தில் நிகழ முடியுமா? இதற்குப் பின் இறங்கிய இறைவசனம் ஆல இம்ரான் அத்தியாயத்தில் இருக்கிறது. அதன் கருத்தை மட்டும் சொல்கிறேன்: இறையருளால் தாங்கள் அவர்களிடம் மென்மையாக நடந்துகொண்டீர்கள், கடுகடுப்பானவராக இருந்திருந்தால் அவர்கள் தங்களை விட்டுச் சிதறிப் போயிருப்பார்கள், ஆகவே அவர்களை மன்னியுங்கள், அவர்களுக்காகப் பிழைபொறுக்கத் தேடுங்கள், காரியங்களில் அவர்களோடு ஆலோசியுங்கள், முடிவு செய்துவிட்டால் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுங்கள் என்பது அங்கே வரும் வழிகாட்டல். யாருடைய யோசனைப்படி வெளியே வந்தார்களோ அவர்களிடமே மீண்டும் ஆலோசனை கேட்கச் சொல்லப்படுகிறது! நம்மில் எத்தனை பேருக்கு அந்த நெஞ்சம் இருக்கிறது?

மூன்றாம் நாள்தான் பலரும் கவனிக்காமல் கடந்து போகும் நாள். எதிரிகள் திரும்பி வரக்கூடும் என்ற நிலையில், ஹம்ராவுல் அஸத் வரை அவர்களைத் தொடர்ந்து செல்ல அழைப்பு விடுக்கப்பட்டது. அந்த அழைப்பில் ஒரு நிபந்தனை: நேற்று உஹதில் இருந்தவர்கள் மட்டுமே வர வேண்டும். புதிய ஆள்கள் வேண்டாம். காயங்களோடு, களைப்போடு, நேற்றைய தோல்வியின் வெட்கத்தோடு அதே மனிதர்கள் எழுந்து வந்தனர்.

இதில் கனிவு எது, கண்டிப்பு எது? காயம்பட்டவனை மறுநாளே எழுப்புவது கடுமை போலத் தோன்றும். 'உங்களை நம்பமுடியாது, வேறு ஆள்களை அழைத்துக்கொள்கிறேன்' என்று சொல்லியிருந்தால் அவர்கள் வாழ்நாள் முழுவதும் தலைநிமிர்ந்திருக்க மாட்டார்கள். வேலையைத் திரும்ப அவர்களிடமே ஒப்படைத்ததுதான் அந்த மன்னிப்பின் முழுமை. அந்த உறுதியான நிபந்தனையிலும் ஒரு கதவு திறந்திருந்தது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் வந்து, தம் சகோதரிகளைக் கவனிக்குமாறு தந்தை தம்மை நிறுத்திவிட்டதால்தான் உஹதுக்கு வர இயலவில்லை என்று காரணம் கூறினார். தந்தையோ உஹதில் ஷஹீதாகியிருந்தார். அவருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. விதி விதியாகவே இருந்தது, காரணம் கேட்கப்பட்டது.

கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

சில காலத்திற்கு முன் நம் பகுதி இளைஞர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னைத் தனியே சந்தித்தார். ஒரு தொழிற்சாலையில் வேலை. எந்தத் தொழிற்சாலை என்பது நமக்குத் தேவையில்லை. ஒன்றாக அமர்ந்து மதியச் சோறு உண்ட தோழர்களுக்கே அவர் சூப்பர்வைசராக்கப்பட்டிருந்தார். அவர்களில் ஒருவர், வயதில் மூத்தவர், இவருடைய அக்காவின் திருமணத்திற்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்து உதவியவர். அவர் தினமும் இருபது நிமிடம் தாமதமாக வரத் தொடங்கினார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இருபது நிமிட வேலையைத் தாமே செய்தார். மூன்று மாதங்கள் இப்படியே கழிந்தன. மற்றவர்களும் மெல்ல மெல்லத் தாமதிக்கத் தொடங்கினர். ஒரு நாள் மேலதிகாரிகள் வந்து கணக்குப் பார்த்து, உற்பத்தி ஏன் குறைந்தது என்று கேட்டதும், மூன்று மாதங்கள் அடக்கி வைத்தது அனைத்தும் ஒரே நொடியில் வெடித்தது. எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பெரியவரை நோக்கிக் கத்திவிட்டார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

"ஹஸ்ரத், நான் முதலில் இரக்கப்பட்டது தவறா, பிறகு கோபப்பட்டது தவறா?" என்று அந்த இளைஞர் கேட்டார்.

"அவர் ஏன் தாமதமாக வருகிறார் என்று கேட்டீர்களா?" என்றேன்.

"கேட்கவில்லை ஹஸ்ரத். கேட்டால் சங்கடப்படுவாரே என்று..."

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: பெரியவரின் தாயார் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். காலையில் அவரைச் சுத்தம் செய்து, கஞ்சி புகட்டிவிட்டுத்தான் இவர் கிளம்ப முடிகிறது. முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால் வேறு ஷிப்டுக்கு மாற்றியிருக்கலாம்; அந்த அதிகாரம் இவரிடமே இருந்தது.

சகோதரர்களே! இந்த இளைஞர் இரக்கம் என்று கருதியது இரக்கமாக இல்லை. 'என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவாரோ' என்ற அச்சத்திற்கு அவர் இரக்கம் என்று பெயர் சூட்டியிருந்தார். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இவ்விடத்தில்தான். கண்டிப்பு இருக்க வேண்டியது வேலையின் ஒழுங்கில். அங்கே தளர்ந்து விடுகிறார்கள். கனிவு இருக்க வேண்டியது மனிதரிடத்தில். அங்கே கடுமையைக் கொட்டுகிறார்கள். நாள்தோறும் சிறிது சிறிதாகச் சொல்ல வேண்டியதைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் சொன்னால் அது நெருப்பாகத்தான் விழும். இருபது நிமிடத் தாமதத்தை முதல் நாளே தனியே அழைத்து, தாழ்ந்த குரலில், 'பாய், என்ன சிரமம்? இப்படியே தொடர முடியாதே' என்று சொல்வதில் கனிவும் இருக்கிறது, கண்டிப்பும் இருக்கிறது.

அந்த இளைஞரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: எல்லோர் முன்னிலையிலும் காயப்படுத்தினீர்கள், ஆகவே எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவியுங்கள். ஆனால் வருத்தம் தெரிவிக்கும்போது, தாமதம் பரவாயில்லை என்று சொல்லிவிடாதீர்கள். அவர் அப்படியே செய்தார். பெரியவர் மன்னித்தார், ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை. நெல் மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்துவிட்டார். மன்னிப்புக் கிடைத்தாலும் இழந்தது எல்லாம் திரும்பிவிடுவதில்லை.

பொது இடத்தில் பெயர் சொல்லிக் குறைகூறாதிருப்பது அண்ணலாரின் வழக்கம் என்பதை நாம் அறிவோம். எவரிடமேனும் தவறு கண்டால், 'சிலருக்கு என்ன நேர்ந்தது, இப்படிச் செய்கிறார்களே' என்று பொதுவாகச் சொல்வார்கள். செய்தவருக்கு விளங்கிவிடும், மற்றவருக்கு அவர் யாரென்று தெரியாது. ஆனால் ஜகாத் வசூலிக்கச் சென்றவர் ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துக் காட்டியபோது, அண்ணலார் மிம்பரில் ஏறிப் பேசினார்கள். தாய் தந்தை வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். பொதுப் பணத்தின் அமானிதத்தில் கண்ணை மூடிக்கொள்வதற்குக் கனிவு என்று பெயர் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது சொந்தக்காரர், ஒரே தெருக்காரர் என்று பார்த்துத் தளர்த்துகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை விரித்துப் பேசத் தனி ஜும்ஆ வேண்டும், இப்போது விடுகிறேன்.

மேலே இருப்பவரின் கடமை

புதிதாகப் பொறுப்பு ஏற்றவரை நாம் இவ்வளவு கேட்கிறோமே, அவரை அங்கே அமர்த்தியவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாமா? நம் தமிழ்நாட்டின் இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் பலமுறை மேடைகளில் நினைவுகூர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்திற்கு அவர் இயக்குநர். 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவும் நேரம் நெருங்கியபோது கணிப்பொறி, நிறுத்தும்படி காட்டியது. ஒரு கசிவு இருந்தது. அதனால் பாதிப்பில்லை என்று உடனிருந்த வல்லுநர்கள் கருதினர். கலாம் ஏவும்படி முடிவெடுத்தார். ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது.

அன்று பத்திரிகையாளர்களைச் சந்தித்தவர் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத் தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்று அவர் சொன்னார். தம் குழுவினர்மீது நம்பிக்கை இருக்கிறது என்றும் சொன்னார். 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் அதே குழுவினர் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிலைநிறுத்தியபோது, பத்திரிகையாளர்களைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பினார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். தவான் வெளியே அவர்களைக் காத்தாரே தவிர, உள்ளே தவறை மூடி மறைக்கவில்லை. எது கசிந்தது, ஏன் அது சிறிதென்று கருதப்பட்டது என்பதெல்லாம் ஆராயப்பட்டது. அந்த ஆய்வுக் கூட்டத்தில் கலாம் எழுந்து, கசிவைச் சிறிதென்று கருதிய பொறுப்பைத் தாமே ஏற்றார். வெளியே தம்மைத் தாங்கிப் பிடிக்கும் தலைவர் ஒருவர் இருந்தார். ஆகவே உள்ளே உண்மையை மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லாமற்போயிற்று. நம் கடைகளிலும் பட்டறைகளிலும் இதற்கு நேர்மாறாக அல்லவா நடக்கிறது! வாடிக்கையாளர் முன்னிலையில் பையனைத் திட்டுகிறோம். கடையைச் சாத்திய பின் கணக்கைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

இனி, இந்தப் பள்ளிவாசலில் அமர்ந்திருக்கும் நரைத்த தாடிக்காரர்களே, உங்களிடமும் ஒரு சொல். உங்களில் பலர் இன்று உங்கள் மகன் வயதுடைய ஒருவரின் கீழ் வேலை செய்கிறீர்கள். 'நேற்று வந்த பையன் எனக்குக் கட்டளையிடுவதா' என்ற முணுமுணுப்பு உள்ளத்தில் எழுவது இயல்பு.

உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்கள் இருபது வயதைத் தாண்டாத இளைஞர். ஷாம் தேசத்தின் எல்லைக்குச் செல்லும் படைக்கு அண்ணலார் அவரைத் தளபதியாக்கினார்கள். அப்படையில் மூத்த முஹாஜிர்களும் இருந்தனர். முணுமுணுப்பு எழுந்தது. நோயுற்றிருந்த நபி (ஸல்) அவர்கள் தலையில் துணி கட்டியவாறு வெளியே வந்து, இவருடைய தந்தையின் தலைமையையும் இப்படித்தான் குறைகூறினீர்கள், இருவருமே அதற்குத் தகுதியானவர்கள் என்று தெளிவுபடுத்தினார்கள். அண்ணலாரின் மறைவுக்குப் பின் கலீஃபாவான அபூபக்ர் (ரலி) அவர்களிடமும், வயதில் மூத்த ஒருவரை நியமிக்கலாமே என்ற கோரிக்கை உமர் (ரலி) அவர்கள் வழியாக வந்தது. அல்லாஹ்வின் தூதர் நியமித்தவரை நான் நீக்குவதா என்று கலீஃபா கடிந்துகொண்டார்கள்.

படை புறப்பட்ட நாளில் உஸாமா வாகனத்தின் மீது அமர்ந்திருக்க, முதியவரான கலீஃபா அருகில் நடந்து வந்தார்கள். 'தாங்கள் ஏறுங்கள், அல்லது நான் இறங்குகிறேன்' என்றார் உஸாமா. இரண்டுக்கும் கலீஃபா சம்மதிக்கவில்லை. படையினர் அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தனர். அந்தச் சில அடிகள் நடந்ததில், எந்த ஆணையாலும் தர முடியாத மதிப்பு அந்த இளைஞருக்குக் கிடைத்துவிட்டது. மதீனாவில் தமக்குத் துணையாக உமர் (ரலி) அவர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களோ உஸாமாவின் படையில் ஒரு வீரர். கலீஃபா தம் அதிகாரத்தைக் காட்டவில்லை; 'உமரை என்னிடம் விட்டுச் செல்ல அனுமதிப்பீரா' என்று உஸாமாவிடம் கேட்டுப் பெற்றார்கள்.

உமர் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் தாமே கலீஃபாவான பிறகும், உஸாமாவைச் சந்திக்கும்போதெல்லாம் 'அமீரே' என்று அழைத்தே ஸலாம் கூறுவார்கள் என அறிவிக்கப்படுகிறது. ஏன் இப்படி என்று கேட்டால், அல்லாஹ்வின் தூதர் மறைந்த வேளையில் நீர்தான் எனக்கு அமீராக இருந்தீர் என்பார்களாம்.